சிந்தசைசர் ஒலியும் வேண்டாத இரைச்சலும்

சிந்தசைசரின் ஒரு கட்டையைக்கூட விரல் தொடுவதற்கு முன்பே அதன் வெளியீட்டில் ஏதோ ஓர் ஒலி இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் மெல்லிய சீறல். அதற்கு அடியில் ஊமையான ஒரு ரீங்காரம். பாட்டு முழங்கும்போது இவை காதில் விழுவதில்லை. இரண்டு சரணங்களுக்கு நடுவில் வரும் அமைதியிலும், கடைசிச் சுரம் தேய்ந்து மறையும் இடத்திலும் மேலெழுந்து நிற்கும். பதிவாகிவிட்ட ஒலியிலிருந்து இந்தச் சீறலையும் ரீங்காரத்தையும் அடக்கும் கணினி முறைகளில் எளியதும் பரவலானதும் ஸ்பெக்ட்ரல் கேட்டிங். ஒலியைப் பல நூறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இருப்பது இரைச்சலின் அளவைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டாததைத் தணிப்பது இதன் சாரம்.

சிந்தசைசர் இசையைப் பதிவு செய்வது ஒரு காலத்தில் சென்னையின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1986இல் வெளிவந்த 'விக்ரம்' படத்துக்கு இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தியதும், 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்ததும் தமிழ் இசை மின்னணுக் கருவிகளை நோக்கி நகர்ந்ததன் அடையாளங்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் கடலோர வீடொன்றில் ஒரு கீபோர்டும் ஆடியோ இன்டர்ஃபேஸும் மடிக்கணினியும் இருந்தால், பகவதி அம்மன் மீது ஒரு பாடலை மாசிக் கொடை விழாவுக்கு முன் பதிவு செய்து முடித்துவிடலாம். ஆனால் பெரிய கூடங்களில் தடித்த சுவரும் ஒழுங்கான மின்தரையும் தாமாகவே செய்துவந்த வேலையை, வீட்டில் மென்பொருள்தான் செய்தாக வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் அதை நீக்கப் புகுவது வீண் வேலை. சிந்தசைசரின் உள்ளே இருக்கும் மின்தடைகளும் பெருக்கிகளும் வெப்பத்தால் தாமே சிறு சீறலை உண்டாக்குகின்றன. பழைய அனலாக் கருவிகளில் இது கூடுதல். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60இன் கோரஸ் ஒலியைக் கேட்டவர்கள், அதன் அழகோடு சேர்ந்தே வரும் சீறலையும் மறக்க மாட்டார்கள். ஒலியைத் தாமதப்படுத்தும் அதன் சில்லுகளின் குணம் அது. மடிக்கணினியோடு யு.எஸ்.பி. கம்பியில் இணைக்கப்பட்ட கீபோர்டுகளில் வேறொரு தொல்லை உண்டு. யு.எஸ்.பி. இணைப்பு மில்லி விநாடிக்கு ஒருமுறை தரவை அனுப்புவதால், 1000 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஊசிபோன்ற ஒரு கீச்சொலி தரைக்கம்பி வழியே ஒலிப்பாதையில் நுழைந்துவிடும்.

மின்சார ரீங்காரம் தனியாகப் பேசவேண்டிய ஒன்று. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. எனவே ரீங்காரம் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று ஏணிப்படியாக ஏறும். மேற்கத்திய சுரவரிசையில் 'ஜி', கர்நாடக இசையில் 5 கட்டை, கீழ்ஸ்தாயியில் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸிலும் 98 ஹெர்ட்ஸிலும் விழுகிறது. அதாவது ரீங்காரம் 5 கட்டை ஷட்ஜத்துக்கு மிக அருகே, ஆனால் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேலே தள்ளி நிற்கிறது. பெண்குரலுக்கு வழக்கமான 5 கட்டையில் ஒரு பாடலைப் பதிவு செய்தால், ரீங்காரம் வெறும் இரைச்சலாக நிற்காமல் சுருதி சேராத தம்புராபோல ஷட்ஜத்தோடு உரசிக்கொண்டே இருக்கும். தமிழ்ச் செவிக்கு இது சீறலைவிடப் பெரிய துன்பம்.

இரைச்சலை அடக்கும் பழைய கருவி நாய்ஸ் கேட். ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மொத்தப் பாதையையும் மூடிவிடும். மேலே வந்தால் திறந்துவிடும். திறந்திருக்கும்போது இசையோடு இரைச்சலும் சேர்ந்தே வரும். ஊருக்கே ஒரு மடை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போன்றது அது. ஸ்பெக்ட்ரல் கேட்டிங்கில் வயலுக்கு ஒரு மடை. தாழ்ந்த சுரம் ஒலிக்கும் பட்டை திறந்திருக்கும்போதே, எதுவும் ஒலிக்காத உயர் பட்டைகள் மூடியிருக்க முடிகிறது.

பட்டை பிரித்து அடக்கும் எண்ணத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்கரான ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றினார். இங்கிருந்து சென்றதும் 1965இல் லண்டனில் டால்பி ஆய்வகத்தைத் தொடங்கி, ஒலிநாடாவின் சீறலைக் குறைக்கும் டால்பி-ஏ முறையைக் கொண்டுவந்தார். அது ஒலியை 4 பட்டைகளாகப் பிரித்து, பதிவாகும்போது மெல்லிய ஒலிகளை உயர்த்தி, கேட்கும்போது அதே அளவு தாழ்த்தியது. நாடாவின் சீறல் நடுவில் வந்து சேர்ந்தது என்பதால் தாழ்த்தும்போது அதுவும் தாழ்ந்தது. ஆனால் பதிவுக்கு முன்பே அந்தக் கருவி இருந்தால்தான் பயன். ஏற்கெனவே இரைச்சலோடு பதிவான ஒன்றுக்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் போல். ஹெலிகாப்டர் இரைச்சலுக்கு நடுவே பேசப்படும் பேச்சைத் தெளிவாக்க, இரைச்சலின் நிறமாலையை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அது எவ்வளவு என்பதை, அளந்து அதைப் பேச்சின் நிறமாலையிலிருந்து கழிக்கும் முறையை 1979இல் அவர் வெளியிட்டார். ஸ்பெக்ட்ரல் கேட்டிங் அதற்கு நெருங்கிய உறவு. கழிப்பதற்குப் பதில் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த முறையைச் சாதாரணக் கணினி வரை கொண்டுவந்தது.

வேலை நடக்கும் விதம் இது. கணினியில் ஒலி, விநாடிக்கு 44,100 எண்களாக இருக்கிறது. அதிலிருந்து 2048 எண்கள் கொண்ட ஒரு துண்டு எடுக்கப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 46 மில்லி விநாடி. துண்டின் இரு ஓரங்களும் மெல்லத் தேய்ந்து முடியுமாறு அதற்கு ஒரு வளைவு கொடுக்கப்படும். வெட்டிய ஓரம் கூர்மையாக இருந்தால் இல்லாத அதிர்வெண்கள் முளைத்துவிடும். பிறகு ஃபூரியே மாற்றம் அந்தத் துண்டை 1025 பட்டைகளாகப் பிரிக்கிறது. பட்டைக்குப் பட்டை இடைவெளி 21.5 ஹெர்ட்ஸ். அடுத்த துண்டு முதல் துண்டு முடிந்த இடத்தில் தொடங்குவதில்லை; 512 எண்கள் மட்டும் நகர்ந்து, முந்தையதன்மேல் முக்கால் பங்கு படிந்தே தொடங்குகிறது. இப்படி விநாடிக்கு ஏறத்தாழ 86 துண்டுகள். ஒவ்வொன்றிலும் 1025 பட்டைகள். ஒரு விநாடி இசைக்குச் சுமார் 88,000 முடிவுகளை மென்பொருள் எடுக்கிறது.

முடிவெடுக்க அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தருவது மனிதர்தான். யாரும் வாசிக்காத, இரைச்சல் மட்டுமே இருக்கிற ஓர் இடத்தைப் பதிவிலிருந்து காட்டினால், ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் சராசரியாக எவ்வளவு, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மென்பொருள் குறித்துக்கொள்ளும். அரை விநாடியாவது இருந்தால் நல்லது. 2 விநாடி கிடைத்தால் இன்னும் நம்பலாம். அந்தச் சராசரிக்கு மேலே ஓர் எல்லைக்கோடு போடப்படும். அதைத் தாண்டும் பட்டை அப்படியே விடப்படும். தாண்டாத பட்டை தணிக்கப்படும்: 6 டெசிபல் என்றால் பாதியாக, 12 டெசிபல் என்றால் கால்வாசியாக, 20 டெசிபல் என்றால் பத்தில் ஒன்றாக. கடைசியில் பட்டைகள் மீண்டும் சேர்க்கப்பட்டு, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒலி திரும்ப உருவாகிறது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் முறையின் வெற்றி தோல்வி இருக்கிறது. சீறல் காதுக்குச் சீராகத் தோன்றினாலும், ஒரு தனிப்பட்டைக்குள் அது கணத்துக்குக் கணம் துள்ளுகிறது. சராசரியிலேயே கோட்டைப் போட்டால், புள்ளியியல் கணக்குப்படி இரைச்சலின் ஏறத்தாழ 46 சதவீதம் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும். சராசரியின் இருமடங்கில் போட்டால் தாண்டுவது 4 சதவீதம். மும்மடங்கில் போட்டால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. போதும் என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 88,000 முடிவுகளில் ஆயிரத்தில் ஒன்று என்றாலும், எழுபது எண்பது சிறு புள்ளிகள் ஒவ்வொரு விநாடியும் தப்பி வருகின்றன. சுற்றிலும் அமைதி இருப்பதால் அவை மினுக் மினுக்கென்று, கண்ணாடி மணிகள் உருள்வதுபோல் கேட்கும். ஒலிப்பொறியாளர்கள் இதை மியூசிகல் நாய்ஸ் என்கிறார்கள். பேச்சில் இது எரிச்சல் மட்டுமே. சிந்தசைசர் இசையிலோ மணியோசையும் மினுக்கொலிகளும் இசையமைப்பாளர் வேண்டுமென்றே வைக்கும் சேர்க்கைகள் என்பதால், கேட்பவருக்கு எது பாட்டு எது பழுது என்றே தெரியாமல் போகலாம்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, தனிப்பட்டையின் சொல்லை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தையும் கேட்பது. ஒரு பட்டை கோட்டைத் தாண்டியிருந்தும் பக்கத்துப் பட்டைகளும் முன்பின் துண்டுகளும் அமைதியாக இருந்தால் அது தப்பி வந்த புள்ளி என்று கொள்ளலாம். மென்பொருள்களில் ஸ்மூத்திங் என்ற திருகு செய்வது இதைத்தான். இரண்டாவது, இரைச்சலை முழுதாகக் கொல்லாமல் விடுவது. அடியில் கொஞ்சம் சீறல் சீராக இருந்தால் அது தப்பிவந்த புள்ளிகளை மூடிவிடும். இந்த யோசனையையும் 1979லேயே பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்கூல் ஆகிய மூவர் எழுதினர். 40 டெசிபல் தணித்துப் பாடலைப் பாழாக்குவதைவிட 10 அல்லது 12 டெசிபல் தணித்து நிறுத்துவது எப்போதுமே மேல். முற்றிலும் வெறுமையான அமைதியைக் காது இயல்பாக ஏற்பதில்லை.

சிந்தசைசருக்கே உரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. வயலினிலோ குரலிலோ இரைச்சல் வெளியிலிருந்து வந்து சேர்வது. சிந்தசைசரில் இரைச்சல் ஒரு மூலப்பொருள். அதன் உள்ளே வெள்ளை இரைச்சலை உண்டாக்கும் தனி உறுப்பே இருக்கிறது. ஸ்னேர் டிரம், ஜால்ரா, காற்று, மழை, புல்லாங்குழலின் ஊதல் சத்தம் எல்லாம் அந்த இரைச்சலை வடிகட்டிச் செய்யப்படுபவை. கடலலையும் அப்படித்தான்: வெள்ளை இரைச்சலை ஒரு வடிகட்டி வழியே அனுப்பி, அந்த வடிகட்டியை 8 அல்லது 10 விநாடிக்கு ஒருமுறை மெல்லத் திறந்து மூடினால் அலை எழுந்து விழும்.

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. அங்கே பதிவாகும் ஓர் அம்மன் பாடலின் முகப்பில் கீபோர்டின் அலையோசை இருப்பது பொருத்தமானதுதான். அதே நேரத்தில், பாடுபவரின் மைக் வழியே உண்மையான கடலின் ஓசையும் சன்னலைத் தாண்டி உள்ளே வரும். கீபோர்டின் அலை வேண்டியது. கடலின் அலை வேண்டாதது. இரண்டின் நிறமாலையும் ஏறத்தாழ ஒன்றே. எல்லைக்கோடு இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கும். வேண்டும் வேண்டாம் என்ற பாகுபாடு இசையமைப்பாளரின் மனத்தில் இருக்கிறதே தவிர ஒலியில் இல்லை என்பதால், எந்தக் கணக்கும் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. இப்படிப்பட்ட பாடலில் அலையோசையைத் தனித் தடத்தில் வைத்து, கேட்டிங்கை மற்றத் தடங்களுக்கு மட்டும் செலுத்துவதே வழி.

உண்மையான கடலுக்கு எதிராக இந்த முறை வலுவற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்விசிறியின் ஓசை மணிக்கணக்கில் மாறாமல் இருக்கும். அரை விநாடி மாதிரியே அதை முழுதாக அறிமுகப்படுத்திவிடும். அலையோ எழும்போது ஓர் ஒலி, உடையும்போது வேறொன்று, மணலில் பின்வாங்கும்போது இன்னொன்று. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட அமைதியை மாதிரியாகக் கொடுத்தால் உடையும் அலை கோட்டைத் தாண்டி வந்துவிடும். உடையும் அலையை மாதிரியாகக் கொடுத்தால் கோடு மிக உயரே போய் இசையைத் தின்னும். கொடை மேடையில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் நடக்கும் நிகழ்ச்சியைப் பதிவு செய்பவருக்கும் இதே சங்கடம் வரலாம். ஜெனரேட்டரின் வேகம் சற்றே கூடி 50 ஹெர்ட்ஸ் 50.5 ஆனாலும், ரீங்காரத்தின் இருபதாம் படி 1000 ஹெர்ட்ஸிலிருந்து 1010க்கு நகர்ந்து அடுத்த பட்டைக்கே போய்விடும். முதலில் எடுத்த மாதிரி கடைசிப் பாட்டுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

தேய்ந்து மறையும் சுரங்கள் இன்னொரு பலவீனமான இடம். பேட் எனப்படும் நீண்ட, மெல்லிய ஒலி மறையும்போது அதன் உயர்ந்த துணை அதிர்வெண்கள் முதலில் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. அவை ஒவ்வொன்றாக வெட்டுப்பட, யாரோ சிந்தசைசரின் வடிகட்டியை மூடியதுபோல் ஒலி மங்கி முடியும். எக்கோவும் ரிவெர்பும் இருந்தால் வால் பாதியிலேயே அறுந்துவிடும். எனவே ரிவெர்ப் சேர்ப்பதற்கு முன்பே கேட்டிங் முடிந்திருக்க வேண்டும். கம்ப்ரசருக்கும் இதே விதி. அது மெல்லியவற்றை உயர்த்தும் கருவி என்பதால் இரைச்சலையும் உயர்த்தி, ஏறி இறங்கச் செய்து, கொடுத்த மாதிரியைப் பொய்யாக்கிவிடும்.

சுரத்தின் தொடக்கத்திலும் ஆபத்து உண்டு. 46 மில்லி விநாடித் துண்டின் நடுவில் ஒரு டிரம் அடி விழுந்தால், முழுத் துண்டின் பட்டைகளும் திறந்து, அடிக்கு முன்னால் இருக்கும் இரைச்சலும் ஒரு சிறு மூச்சுபோல் வெளியேறும். துண்டைச் சிறிதாக்கினால் இது குறையும். ஆனால் பட்டைகள் அகன்று, அருகருகே உள்ள அதிர்வெண்களைப் பிரிப்பது இன்னும் கடினமாகும். துண்டைப் பெரிதாக்கினால் சுருதி துல்லியமாகும், தாளம் மழுங்கும். இரண்டையும் ஒருசேரப் பெற இயற்கை இடம் கொடுப்பதில்லை. பேட், ஸ்டிரிங்ஸ் போன்றவற்றுக்கு 4096, தாள ஒலிகளுக்கு 1024 என்று தடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு.

தானே கற்றுக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வீடியோ அழைப்புச் செயலிகளில் இருக்கும் இரைச்சல் நீக்கி அத்தகையது. மாறாமல் நீடிப்பது இரைச்சல், மாறிக்கொண்டே இருப்பது பேச்சு என்பதே அந்தக் கருவிகளின் பழைய நம்பிக்கை. இணையத்தில் கர்நாடக சங்கீதம் கற்கும் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளில் இதன் விளைவைக் காணலாம்: எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி சில விநாடிகள் ஒலித்ததும் மங்கிக் காணாமல் போய்விடும். மாறாத ஒலி என்பதாலேயே சுருதி அங்கே இரைச்சலாகக் கருதப்படுகிறது. ஜூம் செயலியில் ஒரிஜினல் சவுண்ட் என்ற ஏற்பாட்டை இயக்கினால்தான் அது தப்பும். நரம்புவலை கொண்ட புதிய நீக்கிகளில் பலவும் மனிதப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்டவை. பேச்சு அல்லாத எதையும் அடக்கப் பார்க்கும். சிந்தசைசர் பேடும் சுருதிப்பெட்டியைப்போல நீண்டு நிற்பது என்பதால், இரைச்சல் மாதிரியைக் கையால் காட்டும் பழைய முறையே இசைக்கு நம்பகமானது.

முறை எவ்வளவு நல்லதானாலும், இரைச்சல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. கீபோர்டின் ஒலியைக் குறைத்துவைத்து இன்டர்ஃபேஸில் கூட்டுவது தவறு. கீபோர்டில் ஏறத்தாழ முழு அளவும் இன்டர்ஃபேஸில் தேவையான அளவும் வைத்தால் சீறல் தானே கீழே போகும். ஸ்பீக்கரின் முன் மைக் வைக்காமல் கம்பி வழியே நேராகப் பதிவு செய்தால் கடலும் விசிறியும் நுழைய வழியில்லை. கீபோர்டும் மடிக்கணினியும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் தரைச்சுற்று ரீங்காரம் பெரும்பாலும் நிற்கும்; நிற்காவிட்டால் நடுவில் தரைத் தொடர்பைப் பிரிக்கும் ஒரு டி.ஐ. பெட்டி போதும். அப்படியும் தங்கிவிட்ட 50 ஹெர்ட்ஸ் ஏணிக்கு, கேட்டிங்கைவிட அந்தந்தப் புள்ளியை மட்டும் குறுகலாக வெட்டும் நாட்ச் வடிகட்டியே ஏற்றது.

சிந்தசைசருக்கு வேறெந்த வாத்தியத்துக்கும் இல்லாத ஒரு சலுகையும் உண்டு. 1983இல் வந்த மிடி முறையில், எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு வாசிக்கப்பட்டது என்பது ஒலி இல்லாமல் தனியே சேமிக்கப்படுகிறது. மிடி கோப்பு கையில் இருந்தால், கம்பியைச் சரிசெய்துவிட்டு அதே வாசிப்பை மீண்டும் கருவிக்குள் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம். எந்த இரைச்சல் நீக்கியும் இதற்கு ஈடாகாது.

மிடி இல்லாத, திரும்ப வாசிக்க முடியாத பதிவுகளில்தான் ஸ்பெக்ட்ரல் கேட்டிங்கின் அருமை தெரியும். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அதில் செய்த பதிவுகள் ஒலிநாடாக்களாக அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. இந்தியாவின் தொடக்ககால மின்னணு இசை அது. இத்தகைய நாடாக்களில் நாடாவின் சீறலும் மூக்கின் வெள்ளை இரைச்சலும் அருகருகே இருக்கும். முன்னது காலத்தின் அழுக்கு, பின்னது படைப்பு. துடைக்கும் கை ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்டுத்தான் நகர வேண்டும்.

கேட்டுப் பார்க்க ஒரு திடமான வழி இருக்கிறது. ஆடாசிட்டியில் ரெசிட்யூ என்ற தேர்வை அழுத்தினால், மிச்சமான இசைக்குப் பதிலாக நீக்கப்படவிருக்கும் பகுதி மட்டும் ஒலிக்கும். அதில் வெறும் சீறல் மட்டுமே கேட்டால் எல்லைக்கோடு சரியான இடத்தில் இருக்கிறது. மெட்டின் நிழலோ, தாளத்தின் தட்டலோ, சுரத்தின் வாலோ கேட்டால் இசை அறுபடுகிறது. கோட்டை இறக்க வேண்டும், அல்லது தணிப்பைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக 18 டெசிபல் தணிப்பதற்குப் பதில், ஒவ்வொரு முறையும் புது மாதிரி எடுத்து 6 டெசிபல் வீதம் இரண்டு மூன்று முறை செய்தால் பழுது குறைவாகத் தெரியும். ஸ்டீரியோ பதிவில் இடது, வலது இரண்டுக்கும் ஒரே முடிவைப் பொருத்தும் வசதி இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நலம். இரண்டு பக்கமும் தனித்தனியே திறந்து மூடினால் ஒலி நிற்கும் இடம் அலைபாயும். ஹெட்போனில் ஒருமுறையும், பாட்டு கடைசியில் ஒலிக்கப்போகும் ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். கோயில் வளாகத்தின் கூம்பு ஒலிபெருக்கிக்காகச் செய்யும் பாடலில் உயர்ந்த சீறலைத் துரத்த மெனக்கெட வேண்டியதில்லை. அந்த ஒலிபெருக்கி உச்ச அதிர்வெண்களை வெளியே விடுவதே அரிது. செய்த மாற்றத்தைப் புதிய கோப்பில் சேமித்து, இரைச்சலோடு கூடிய மூலப்பதிவை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வெட்டப்பட்ட பட்டையை எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது.